மூன்றாம் ஓலை

திண்டுக்கல்
14.9.1997

அன்பு நாத்தனார் கிளாராவுக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். புனே மழையில் உனக்குச் சளி பிடித்திருந்ததே, தேவலையா? வெந்நீர் போட்டுக் குடி. படிக்கிற மும்முரத்தில் சாப்பாட்டை மறக்காதே.

இங்கே உன் புகழ் பரவிவிட்டது. என் மகள் ரோஸ்மேரி வகுப்பில் எழுந்து நின்று, “எங்க அத்தை நட்சத்திரத்துல வேலை பாக்குறாங்க” என்று சொல்லியிருக்கிறாள். “எந்த பஸ்ஸுல போறாங்க?” என்று அவளுடைய மிஸ் கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் விசாரிக்கிறாள். எனக்கும் தெரியவில்லை, நீயே எழுதிவிடு.

மாமா தன் மகளின் கல்யாணப் பேச்சை, அதாவது உன் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை பெயர் ஸ்டான்லி, பேகம்பூர் பக்கம் மோட்டார் உதிரிப்பாகக் கடை. நல்ல பையன் என்றுதான் சொல்கிறார்கள். சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாதே, அதற்கு முன்பு பிப்ரவரியிலேயே வேண்டுமாம். அதன்பிறகு நீ புனேக்குப் போக வேண்டியதில்லை என்று முதல் நாளே பேசிவிட்டார்கள். மாமா வெங்காயக் கமிஷன் கடையில் பேசுகிற குரலிலேயே என்னிடம் சொன்னார்: “படிச்சது போதும்னு எழுதும்மா. இல்லாததைத் தேடிக்கிட்டு இன்னும் எம்புட்டு வருசம்?”

அவர் சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன். இனி என் பங்கு. ஆய்வேட்டை எப்போது கொடுக்கிறாய்? பட்டம் கையில் இருந்தால் வாய் திறந்து பேசலாம். வெறுங்கையோடு வந்தால் உன்னைப் பேசவே விடமாட்டார்கள். உன் அண்ணன் இனிகோவைப் பற்றித்தான் தெரியுமே, அப்பா முன்னால் நின்றால் வாயில் கொழுக்கட்டைதான்.

அன்பு மதினி,
சகாயசெல்வி

*

புனே
2.10.1997

அன்புள்ள மதினிக்கு,

சளி போய்விட்டது, கோபம்தான் போகவில்லை. நீங்கள் சுகமா? போன மாதம் முதுகு வலி என்று எழுதியிருந்தீர்களே? ரோஸ்மேரியிடம் சொல்லுங்கள், அத்தை பஸ்ஸில் போவதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே கம்ப்யூட்டரில் போகிறாள்.

ஸ்டான்லி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குக் கல்யாணம் வேண்டாம், இப்போது வேண்டாம், இப்படி வேண்டாம். அப்பாவுக்கும் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஆய்வேடு நின்றுபோய்க் கிடக்கிறது. நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார் என் கைடு. என்ன அத்தியாயம் என்று கேட்பீர்கள். உங்கள் ஊர் அய்யலூர் ஆட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடுகள் ஒரே சீராகவா நிற்கின்றன? அங்கங்கே மந்தையாகச் சேர்கின்றன, நடுவே வெற்றிடம் கிடக்கிறது. வானத்தில் நட்சத்திர மண்டலங்களும் அப்படித்தான் திரண்டு நிற்கின்றன. எல்லாம் ஒன்றையொன்று இழுப்பதால் வரும் கூட்டம் அது. அந்தக் கூட்டம் திரண்டிருக்கும் விதத்தைக் கணக்கிட்டால், இந்தப் பிரபஞ்சத்தில் பொருள் மூன்றில் ஒரு பங்குதான் தேறுகிறது. மீதி இரண்டு பங்கு எங்கேயும் திரளாத ஏதோ ஒன்று. அது எல்லாவற்றையும் விலக்கித் தள்ளுகிறது என்று எழுதினேன்.

“அது என்னவென்று தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வாய்?” என்றார் கைடு. “தெரியாது என்பேன்” என்றேன். “தெரியாததை ஆய்வேட்டில் எழுதுவார்களா?” என்றார். தெரிந்ததை எழுதுவதற்கு நான் எதற்கு?

அப்பாவிடம் என் பதில் இல்லை என்பதுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கிளாரா

*

திண்டுக்கல்
2.11.1997

அன்பு கிளாராவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு அத்தையின் கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன் அம்மா இருந்திருந்தால் இந்தத் தூது வேலை எனக்கு மிஞ்சியிருக்காது. எனக்கு முதுகு வலி இல்லை. வேலை இருந்தால் வலி எங்கே தெரிகிறது?

உன் கடிதத்தை மாமா படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

நான் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அந்த நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால்தான் என்ன? மூன்று அத்தியாயம் இருக்கிறதே. பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் அந்த அத்தியாயத்தை உன் இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் எழுது. வளைந்து கொடுத்துத்தான் இந்த வீட்டில் நான் ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். எனக்கு பி.எட். இடம் கிடைத்த கதை உனக்குத் தெரியும். “வீட்டுக்கு வந்த மருமக பள்ளிக்கூடம் போய் என்ன ஆகப்போகுது” என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நானும் சரி என்றேன். இப்போது அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது, விடு.

ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன். நிறம் உனக்குப் பிடிக்காது, போட்டுக்கொள்.

மதினி
செல்வி

*

புனே
20.11.1997

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் எல்லோரும் நலம்தானே? நான் நலம் என்று பொய் சொல்லப்போவதில்லை. நீங்களுமா மதினி இப்படி எழுதுகிறீர்கள்?

எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். முதல் மூன்று அத்தியாயமும் அந்த நான்காவதுக்காகத்தான் எழுதப்பட்டவை. அதை வெட்டினால் மீதியைப் படிக்கிறவர், பிரபஞ்சம் முழுக்கப் பொருள்தான் என்று நானும் தலையாட்டியதாக நினைப்பார். என் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தப்பாக இருந்தால் எங்கே தப்பு என்று காட்டட்டும், நானே கிழித்துப் போடுகிறேன். அந்த அத்தியாயத்தையே கட்டுரையாக அனுப்பினேன், ஆய்வுப் பத்திரிகை ஒன்று திருப்பி அனுப்பியது. மூன்று பக்கத்துக்கு ஆட்சேபம். எனக்கு அதில் வருத்தமே இல்லை, வரிக்கு வரி பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் கோயிலில் ஓலை வாசிப்பார்களே, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று, அதேபோலத்தான் எங்கள் வேலையும். எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும், தடை கேட்க வேண்டும். தடைக்கு நான் பயப்படவில்லை. வாசிக்கவே கூடாது என்பதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பட்டம் இல்லாவிட்டால் போகட்டும். நான்காம் அத்தியாயம் போகாது. பிப்ரவரிக்கும் நான் வரப்போவதில்லை.

உங்களுக்கு அந்த பி.எட். இடம் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு ஆறிவிட்டதா?

கிளாரா

*

புனே
4.1.1998

அன்புள்ள மதினிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. ஸ்வெட்டர் வந்தது. நிறம் பயங்கரம், கழற்றவே மனமில்லை. ஆனால் பார்சலில் ஒரு வரிகூட இல்லையே. கிறிஸ்துமஸுக்கும் கடிதம் வரவில்லை. போன கடிதத்தில் நான் பேசியது அதிகம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். வீட்டில் யாருக்காவது சுகமில்லையா?

கிளாரா

*

திண்டுக்கல்
19.1.1998

அன்பு கிளாராவுக்கு,

எல்லோரும் சுகம். அவசரமாக எழுதுகிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது.

நீ அதிர்ச்சியாகாதே. பதினோராம் தேதி ஞாயிறு பூசையில் உனக்கும் ஸ்டான்லிக்கும் முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். உன் சம்மதம் கிடைத்துவிட்டது என்று மாமா பங்குச்சாமியிடம் சொல்லிவிட்டாராம். ஊரறிய மூன்று ஓலை வாசித்துவிட்டால் நீ வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நேற்று இரண்டாம் ஓலை வாசிக்கும்போது தடை வந்துவிட்டது. மூன்றாவது வாசிக்கமாட்டார்கள். கல்யாணம் நின்றுவிட்டது.

நீ ஓடி வர வேண்டாம். உன் நான்காம் அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார். போன தடவை நான் எழுதிய புத்திமதியைக் கிழித்துப் போடு.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. ரோஸ்மேரியைக் கூட்டிக்கொண்டு அய்யலூர் போகிறேன். கொஞ்ச நாளைக்குக் கடிதத்தை அந்த முகவரிக்கே போடு.

செல்வி

*

புனே
16.2.1998

அன்புள்ள மதினிக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். இதுவரை பதில் இல்லை. நான் இல்லாமலே என் கல்யாணம் கால்வாசி முடிந்திருக்கிறது! தடை சொன்ன புண்ணியவான் யார்? அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு செய்தி. தூரத்தில் வெடித்துச் சாகும் நட்சத்திரங்களை வெளிநாட்டில் இரண்டு குழுக்கள் அளந்திருக்கின்றன. இருக்க வேண்டியதைவிட அவை மங்கலாகத் தெரிகின்றன, அதாவது நினைத்ததைவிட அதிக தூரத்தில் இருக்கின்றன. பிரபஞ்சம் விரிகிற வேகம் குறையவில்லையாம், கூடிக்கொண்டே போகிறதாம். ஏதோ ஒன்று தள்ளுகிறது மதினி! அவர்கள் சொல்லும் அளவும் என் நான்காம் அத்தியாயத்து அளவும் ஏறக்குறைய ஒன்று. நான் மண்டலங்களின் கூட்டத்தை எண்ணினேன், அவர்கள் சாகிற நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கிறோம்.

கைடு அந்தச் செய்தியை அச்செடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். என் மேஜைமேல் வைத்தார். கேண்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தந்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் செய்தி வரும்வரை நான் பேசியது அவர் காதில் விழவில்லையே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

நீங்கள் போய் ஒரு மாதமாகிறது. ரோஸ்மேரிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?

கிளாரா

*

அய்யலூர்
12.3.1998

அன்பு கிளாராவுக்கு,

நாங்கள் சுகம். இன்று வியாழக்கிழமை, சந்தை நாள். வீட்டைச் சுற்றி ஆட்டுச் சத்தம், அதற்கு நடுவில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஆட்டைத் திட்டு.

நான்காம் அத்தியாயத்துச் செய்தியைப் படித்துவிட்டு என் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஆட்டு வியாபாரி, எதற்கும் அசரமாட்டார். “தள்ளுறது யாருன்னு கண்டுபிடிச்சாச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப புள்ளைக்கு இன்னும் நிறைய வருசம் வேலை இருக்குன்னு சொல்லு” என்றார். எனக்கும் அதுதான் சந்தோஷம்.

ரோஸ்மேரியை இங்கேயே சேர்த்துவிட்டோம். புதுப் பள்ளிக்கூடத்திலும் அவள் அத்தை நட்சத்திரத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஸ்டான்லிக்கு வத்தலக்குண்டில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள், நல்லபடி இருக்கட்டும்.

தடை சொன்னது யார் என்று கேட்டிருந்தாய். கோயிலில் அன்றைக்கு நல்ல கூட்டம்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

மதினி
செல்வி

*

அய்யலூர்
5.4.1998

அன்புத் தங்கை கிளாராவுக்கு,

நலம்தானே? அண்ணன் எழுதுகிற முதல் கடிதம் இதுதான் என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி.

செல்வி எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். அன்றைக்குப் பூசையில் பங்குச்சாமி இரண்டாம் ஓலை வாசித்து, “தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று வழக்கம்போல முடித்தார். வழக்கமாக அந்த வரிக்கு எல்லோரும் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தடை என்றாலும் அறைக்குப் போய்த் தனியாகத்தான் சொல்வார்கள். செல்வி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

“தடை இருக்கு சாமி. பொண்ணு சம்மதிக்கலை. வேண்டாம்னு அவ எழுதின காயிதம் எங்க மாமா சட்டைப் பையில இருந்துச்சு.”

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். “உக்காரும்மா” என்றார். “உக்கார மாட்டேன் மாமா, சாமி கேட்டதுக்குத்தான் பதில் சொல்றேன்” என்றாள். நான் ஆண்கள் பக்கத்தில் பிடித்துவைத்த பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பூசை முடிந்ததும் சாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அத்தனை பேர் முன்னால மாமனாரை அவமானப்படுத்துறது பாவம் இல்லையாம்மா?” என்று கேட்டார். “தடை சொல்றது பாவம்னா எதுக்கு சாமி தடை இருக்கான்னு கேக்குறீங்க?” என்றாள்.

வீட்டில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “மன்னிப்புக் கேட்டுட்டு இந்த வாசப்படியை மிதிக்கட்டும்.” இவள் கேட்கமாட்டேன் என்று மறுநாளே பெட்டியைத் தூக்கிவிட்டாள். முழங்கால் வலி எல்லாம் பொய். நான் இரண்டு வாரம் திண்டுக்கல்லில் இவள் இல்லாமல் இருந்து பார்த்தேன், பிறகு இங்கே வந்துவிட்டேன். காலையில் பஸ் ஏறிக் கடைக்குப் போகிறேன், சாயங்காலம் திரும்பிவிடுகிறேன். அப்பாவும் நானும் கடையில் வெங்காய விலை மட்டும் பேசிக்கொள்கிறோம்.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணன்
இனிகோ

*

புனே
25.11.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்புக்கு எப்படி இருக்கிறது? சர்க்கரைக்கு மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா? ஒரு வருடத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆமாம் அப்பா, பட்டம் கிடைத்துவிட்டது. நான்காம் அத்தியாயத்தோடு கிடைத்தது. வாய்மொழித் தேர்வில், அந்த மீதி இரண்டு பங்கு என்னவென்று தேர்வாளர் கேட்டார். தெரியாது என்றேன். “எங்களுக்கும் தெரியாது, நீ போய்க் கண்டுபிடி” என்றார். அதற்கு ‘இருண்ட ஆற்றல்’ என்று இப்போது பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் ஜெர்மனிக்குப் போகிறேன், மூன்று வருட ஆராய்ச்சி வேலை. அங்கே இதேதான் என் வேலை.

கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லி, கோயிலில் எனக்கு மாலை போட ஏற்பாடு செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் கிளாரா என்று பத்திரிகையில் போடச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாலைக்கு உரியவர் அய்யலூரில் இருக்கிறார். மதினி அன்று எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் நான் இப்போது பேகம்பூரில் சமையல் செய்துகொண்டிருப்பேன். அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் அது நான் கேட்டது இல்லை.

மதினி உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் நான் வரமாட்டேன். அவர்கள் தலை நிமிர்ந்து அந்த வாசப்படி ஏறட்டும், அவர்கள் பின்னால் நான் ஏறுகிறேன். இல்லையென்றால் புனேயிலிருந்து நேரே விமானம் ஏறிவிடுவேன். உங்கள் பிடிவாதம்தான் அப்பா எனக்கு வந்திருக்கிறது, என்னைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்
கிளாரா

*

அய்யலூர்
14.12.1998

அன்பு டாக்டர் நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம், ஆடுகள் உட்பட. உன் அண்ணன் எனக்குத் தெரியாமல் உனக்குக் கடிதம் எழுதியதும் தெரியும், நீ மாமாவுக்கு எழுதியதும் தெரியும். இந்தக் குடும்பத்தில் எழுதாத ஆள் ரோஸ்மேரி ஒருத்திதான்.

போன வியாழக்கிழமை நல்ல சந்தைக் கூட்டம். ரோஸ்மேரி ஓடிவந்து, “அம்மா, தாத்தா ஆடு வாங்க வந்துருக்காங்க” என்றாள். வெளியே வந்து பார்த்தால் மாமா. வெள்ளை வேட்டியில் ஆட்டு மந்தைக்கு நடுவில் நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல். கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று அவரைப் பார்த்து, கிளாரா. இளைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இந்தத் தடவை ஒளிக்கவில்லை, என்னிடமே நீட்டினார். “வீட்டுக்கு வாம்மா. மன்னிப்பெல்லாம் ஒண்ணும் வேண்டாம். தப்பு என்னோடது. அவ வேண்டாம்னு எழுதினதை மறைச்சு நான்தான் ஓலை குடுத்தேன்” என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை, அதுவும் அவர் வாயிலிருந்து. சரி மாமா என்று கிளம்பிவிடத்தான் கால் துடித்தது. ஆறு வருடம் அப்படித்தானே சரி சரி என்று இருந்தேன்.

“இங்க ஆட்டுக்கு நடுவுல சொன்னா யாருக்கு மாமா கேக்கும்?” என்றேன். “பொய்யை எங்க வாசிச்சீங்களோ அங்கதான் இதையும் சொல்லணும். ஓலைன்னா மூணு ஞாயிறு சொல்றதுதானே நம்ம முறை?”

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான், இனிமேல் அந்த வீட்டு வாசலே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உன் அண்ணன் மட்டும், “வா, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவோம்” என்றார். நேற்றுப் போனோம். நான் பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன்.

அறிவிப்புகள் முடிந்ததும் மாமா எழுந்து முன்னால் போனார். சாமி ஒதுங்கி இடம் விட்டார். “என் மக கிளாரா சம்மதம் இல்லாம நான் ஓலை குடுத்தேன். என் மருமக சகாயசெல்வி தடை சொன்னா. அவ சொன்னதுதான் சரி” என்றார். அதோடு இறங்கிவிடுவார் என்று பார்த்தேன். இறங்கவில்லை. நேரே என்னைப் பார்த்து, “இதுக்கு யாருக்காச்சும் தடை இருந்தா சொல்லலாம்” என்றார்.

கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அய்யலூருக்குத்தான் திரும்பி வந்தோம். இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வாசப்படி. பி.எட்.டுக்கு மறுபடி விண்ணப்பம் போடப்போவதையும் மாமாவிடம் சொல்லிவிட்டேன், கேட்கவில்லை, சொன்னேன்.

இருபத்தேழாம் தேதி மூன்றாம் ஓலை. ரயிலுக்கு உடனே டிக்கெட் எடு. நீ அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மதினி
சகாயசெல்வி